எங்கள் குடும்பம் குழு: 64-ஆம் எண்

தாத்தா: விடியற்காலையிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்ததா?

அக்கா: இப்போதுதான் தாத்தா. 27-14. தோற்றுவிட்டோம். இந்த சீசனில் பத்துக்குப் பத்தும் போச்சு.

சித்தி: ஐயோ, ஒன்றுகூடவா ஜெயிக்கவில்லை?

அம்மா: பக்கத்தில் புதுப் பள்ளி திறந்து எல்லையைப் பிரித்தார்கள் இல்லையா, பாதிப் பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். மிச்சம் சின்னப் பிள்ளைகள்தான். இந்த டெக்சாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஃபுட்பால்தான். ஒரு ஆட்டமும் ஜெயிக்காத அணிக்கு இன்றைக்கும் கேலரி நிறைந்திருந்தது, பேண்டு வாசித்தார்கள்.

தாத்தா: நம்ம பயல் எத்தனை கோல்?

அக்கா: இது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் தாத்தா. எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோனால் டச்டவுன், அதுதான் இங்கே கோல் மாதிரி. நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறணும், இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. தம்பி முன்வரிசை. சட்டையில் 50 முதல் 79 வரை எண் இருந்தால் முன்னால் எறிகிற பந்தைப் பிடிக்கக் கூடாது. அவன் 64. பந்தோடு ஓடுகிறவனுக்கு வழி விலக்கிக் கொடுப்பதுதான் அவன் வேலை.

தாத்தா: சரி சரி. நம்ம ஊர்த் தேருக்கு என் அப்பா முட்டுக்கட்டை போடுவார். அந்த மாதிரி வேலை.

மாமா: இரண்டாவது டச்டவுன் வீடியோவில் தம்பி எங்கே?

அக்கா: இடது பக்கம் பாருங்கள் மாமா. தன்னைவிடப் பெரிய ஒருத்தனைத் தள்ளிக்கொண்டே போகிறானே, அவன்தான். அந்தச் சந்தில்தான் பந்து போனது. நான் கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

அம்மா: ஆட்டத்துக்கு முன்னால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெற்றவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தார்கள். இவன் விரலெல்லாம் பிளாஸ்திரி. என் கையை விடவே இல்லை. கல்லூரியில் ஆட மிகச் சிலருக்குத்தான் இடம் கிடைக்கும், இவனுக்கு இதுவே கடைசி. ஹெல்மெட்டைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கணும். மோதிய அணிகளின் பெயின்ட் எல்லாம் அதில் கோடு கோடாக ஒட்டியிருக்கிறது. காரில் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வருகிறான்.

சித்தி: முதலில் பிள்ளைக்குச் சாப்பாடு போடுங்கள் அக்கா.

நான்: சாப்பிடுகிறேன் சித்தி. தாத்தா, கொள்ளுத்தாத்தா தேருக்குக் கட்டை போடுகிற போட்டோ இருக்கிறதா?

தாத்தா: ஒன்று இருக்கிறது ராசா. பரணில் பெட்டிக்குள் கிடக்கும். இரு, ஏணி போட்டு எடுக்கச் சொல்கிறேன்.