புதுப்பிப்பு: மலை இறக்கத்தில் பிரேக் கருகல் வாடை – தீர்வு கிடைத்தது

வியூ பாயிண்ட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கில் கருகல் வாடை வருகிறது, ஆட்டோமேட்டிக் காரில் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது எஞ்சின் பிரேக்கிங், அதாவது சின்ன கியரில் போட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் யோசனைதான். இறக்கம் தொடங்கும் முன்பே கியரை மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரில் வைத்தேன். ஆக்சிலரேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடித்தது. சத்தம் கூடியது, ஆனால் எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டரின் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே இருந்தது, பயப்பட ஒன்றுமில்லை. கொண்டை ஊசி வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, வேகம் குறைந்ததும் காலை எடுத்துவிட்டேன். லேசாக மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேடும் டிஸ்க்கும் ஆறவே நேரம் கிடைக்காது. கீழே வரும்வரை வாடை இல்லை.

பிரேக் ஆயிலைப் பார்க்கச் சொன்னவருக்கும் தனி நன்றி. மாற்றிவிட்டேன். அது காற்றின் ஈரத்தை இழுக்கும், அதனால் சீக்கிரம் கொதித்து பிரேக் பிடிக்காமல் போகலாம். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம்.

எதிர்பாராத ஒன்று: கியரால் வேகம் குறையும்போது பின்னால் உள்ள பிரேக் விளக்கு எரிவதில்லை, அதனால் பின்னால் வந்தவர்கள் ரொம்ப நெருங்கிவிட்டார்கள். அப்புறம் வேகம் குறையும் இடங்களில் விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் பெடலைத் தொட்டேன், இடைவெளி விட்டார்கள்.