வாடைக்காலத்தில் மெட் வார்னிஷ் வெள்ளையாகப் பூக்கிறது: மட்டக்களப்புப் பக்கம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

கல்லடி_உதிரி எழுதியது:

வணக்கம். நான் கல்லடி. பகலில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை, இரவில் பின் விறாந்தையில் 1/35 அளவு (உண்மையில் 35இல் ஒரு பங்கு) மொடல் வாகனங்கள். நாலு வருசமாகக் கட்டுகிறேன். வெட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் அடிப்பது எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. கடைசி வேலையான, மினுக்கத்தை மறைக்கும் மெட் வார்னிஷில்தான் ஒவ்வொரு மார்கழியும் கவிழ்கிறேன்.

இந்த முறை கட்டியது பவள், போர்க்காலத்தில் இங்கே இராணுவம் ஓட்டித் திரிந்த கவச வாகனம். பெட்டியில் வந்த கிட் இல்லை. பவளின் அடிச்சட்டம் யூனிமொக் லொறியுடையது என்பதால், கனடாவிலிருந்து மச்சான் கொண்டுவந்த யூனிமொக் கிட்டில் சில்லுகளையும் அச்சுகளையும் எடுத்துக்கொண்டேன். V வடிவ அடிப்பாகம், இடப்பக்கம் தனியாக நிற்கும் சாரதிக் கூடு, பின்னாலுள்ள திறந்த தொட்டி, அதற்குள் பத்து இருக்கைகள் எல்லாம் பிளாஸ்டிக் தகட்டில் நானே வெட்டியவை. உண்மை வாகனம் 5 மீட்டருக்குச் சற்று மேல், என்னுடையது 14.6 சென்டிமீட்டர். மூன்று மாத வேலை.

போன சனி பின்னேரம், மழை விட்ட கையோடு, கடையில் டயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரில் எயார்பிரஷைக் கொழுவி மெட் வார்னிஷ் அடித்தேன். பத்து நிமிடத்தில் பச்சைக்கு மேல் சாம்பல் தூவின மாதிரி ஆகிவிட்டது. மூலைகளில் இன்னும் மோசம். துடைத்தும் போகவில்லை. கழுவித் திரும்பப் பெயின்ட் அடிப்பதைத் தவிர வழி உண்டா? இல்லை பங்குனி வரைக்கும் வார்னிஷ் போத்தலை மூடி வைப்பதுதானா?

இன்னொன்று, இது கேள்வி இல்லை. ஹோல் அலுமாரியில் இதுவரை ஷேர்மன், டைகர் போர்த்தாங்கிகள் எல்லாம் நின்றன, அம்மா ஒரு சொல் சொன்னதில்லை. அவை அவருக்கு விளையாட்டுச் சாமான். பவளைக் கண்டதும், "என்னத்துக்கு மனே இதை வீட்டுக்குள்ள கொண்டாந்தாய்?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். அதனால் அது பின் விறாந்தையிலேயே, ஈரக் காற்றிலேயே நிற்கிறது.

கராஜ்காரன்_கல்முனை:

தம்பி, நான் வாகனத்துக்குப் பெயின்ட் அடிக்கிற ஆள். மொடல் கட்டுவது மகனுக்காகத் தொடங்கியது, இப்போது அவன் விட்டுவிட்டான், நான் விடவில்லை. உங்கள் வருத்தம் எங்கள் கராஜில் கிழமைக்கு ஒருக்கா வரும்.

தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிரவைக்கும். ஐஸ் தண்ணீர் கிளாஸ் வெளியே வேர்ப்பது போல, அந்தக் குளிரில் காற்றின் ஈரம் வார்னிஷுக்குள் படிந்து வெள்ளையாகிறது. மழை விட்ட கையோடு அடித்தேன் என்கிறீர்கள், அதைவிட மோசமான நேரம் கிடையாது. கெதியாகக் காயும் மலிவுத் தின்னர் என்றால் இன்னும் நிச்சயம்.

நான் முதலில் சந்தேகப்படுவது உங்கள் கொம்பிரசரைத்தான். தாங்கியின் அடியில் ஒரு வடிகால் திருகு இருக்கும். கடைசியாக எப்போது திறந்தீர்கள்? எங்களுடையதில் மாரியில் ஒரு நாள் விட்டாலே தேநீர்க் கோப்பை அளவு தண்ணீர் வரும், எண்ணெயும் கலந்து. அதுதான் உங்கள் பவளின் மேல் விழுந்திருக்கிறது. வடித்துவிட்டு, குழாயில் ஒரு நீர்ப்பிடிப்பானும் போடுங்கள்.

கழுவ வேண்டாம். விரலில் தண்ணீர் தொட்டு வெள்ளையான இடத்தில் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போது பச்சை திரும்பத் தெரிந்தால் தப்பினீர்கள், மேலே மெல்லிய கிளொஸ் (மினுக்க வார்னிஷ்) ஒரு கோட் அடித்தால் வெள்ளை மறையும். அது நன்றாகக் காய்ந்த பிறகு திரும்ப மெட். மெட் போத்தலை அடி கிளம்பும்வரை கலக்குங்கள், மினுக்கத்தைக் கொல்லும் பொடி கீழேதான் உறைந்திருக்கும். கலக்காமல் அடித்தாலும் வெள்ளை வரும், பிறகு மழையைக் குறை சொல்வோம்.

தின்னரில் ரிட்டாடர் சில துளி சேருங்கள். மெதுவாகக் காயும், ஈரத்துக்கு வெளியேற நேரம் கிடைக்கும். பங்குனி வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் வரண்ட கச்சான் காற்றுக்காகக் காத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆடியில் கச்சான் வீசும்போது பெயின்ட் மொடலுக்குப் போய்ச் சேருமுன்னே காற்றில் காய்ந்து தூளாக விழும், கைவைத்தால் அரத்தாள். அப்போதும் ரிட்டாடர்தான், கூடவே அமுக்கத்தைக் குறைத்துக் கிட்டப் பிடித்து அடிக்க வேண்டும்.

அக்கரைப்பற்று_சேர்:

நான் கட்டுவதைவிடச் சேர்ப்பதுதான் கூட. ஓய்வு பெற்ற பிறகு கண் சரியில்லை, ஆகவே பெட்டிகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கடற்கரை வீட்டில் சேர்ப்பவருக்கு தலையிடி டீக்கல் தாள், அதாவது மொடலில் ஒட்டும் இலக்கங்களும் சின்னங்களும் அச்சடித்த தாள். மஞ்சளாகிவிடும், வெள்ளிப்பூச்சி வேறு தின்னும். வாங்கிய அன்றே பெட்டியைத் திறந்து டீக்கலை மட்டும் எடுத்து, சிப் பையில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு விடுங்கள். மஞ்சளானதை வெயில் படும் யன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டிவைத்தால் வெளுக்கும். எனக்கு இரண்டு முறை கைகொடுத்தது.

1/35 என்ற அளவே யாரும் யோசித்து வைத்ததல்ல, தெரியுமா? 1961இல் ஜப்பானின் தமியா மொடல் கம்பனி தன் முதல் மோட்டார் பூட்டிய பாந்தர் போர்த்தாங்கியைச் செய்தபோது, உள்ளே பற்றரி அடங்க வேண்டிய அளவுக்கு உடம்பை வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் 1/35. அந்தப் பற்றரிக்குத்தான் இன்றைக்கும் உலகம் முழுக்கக் கட்டுப்பட்டுக் கிடக்கிறது.

உங்கள் அம்மா அலுமாரியில் ஒரு இடம் தந்தால் ஹெர்மிஸை வையுங்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் மூழ்கடித்த கப்பல், நம்முடைய மட்டக்களப்புக் கடலில்தானே கிடக்கிறது. 1/700 அளவில் 26 சென்டிமீட்டர். 1/35இல் ஒரு T-55 தாங்கியும், முன்னால் நீட்டிய பீரங்கியோடு, ஏறத்தாழ அதே நீளம்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்.

வாழைச்சேனை_மச்சான்:

வார்னிஷ் அடித்ததும் கோழிக்குஞ்சுப் பெட்டி மாதிரி ஒரு மட்டைப் பெட்டி, மேலே 40 வாட் குமிழ், பக்கத்தில் இரண்டு ஓட்டை. அதற்குள் வை. குமிழுக்குக் கிட்ட மட்டும் வைக்காதே. என்னுடைய ஜீப்பின் கண்ணாடிச் சட்டம் வாழைப்பழம் மாதிரி வளைந்தது.

கல்லடி_உதிரி:

எல்லாருக்கும் நன்றி. வடிகால் திருகைத் திறந்தேன். கோப்பை இல்லை, அரைப் போத்தல். கறள் நிறத்தில். முதலாளி பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

தண்ணீர் தொட்டதும் பச்சை தெரிந்தது. முதலில் அடிப்பக்கத்தில் கிளொஸ் அடித்துப் பார்த்தேன், வெள்ளை அப்படியே உள்ளுக்குப் போய்விட்டது. பிறகு முழுக்க அடித்து, குஞ்சுப் பெட்டியில் ஒரு இரவு. திங்கள் போயா விடுமுறை, மத்தியானம் வெயில் எறித்தது, ரிட்டாடர் சேர்த்து மெட் அடித்தேன். பூக்கவில்லை. சரி, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

பின்னேரம் அம்மா உடுப்பு எடுக்க விறாந்தைக்கு வந்தார். கொடியடியில் நின்றபடி கொஞ்ச நேரம் பவளைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "பின்னால இருக்கிறவனுகள் ஒருத்தன ஒருத்தன் பார்த்து இருக்க மாட்டானுகள். முதுகுக்கு முதுகு. றோட்டைப் பார்த்துத்தான் இருப்பானுகள்." உடுப்பை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

உண்மைப் பவளின் படங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நடுவில் முதுகோடு முதுகாக ஐந்தும் ஐந்தும், வெளியே பார்த்து. நான் பஸ் மாதிரி சுவரோரம் வைத்து உள்ளே பார்க்க ஒட்டியிருக்கிறேன். அதுவும் மொடலுக்குப் பாவிக்கும் மெல்லிய சீமெந்துப் பசையால் ஒட்டியது, இரண்டு பிளாஸ்டிக்கும் உருகி ஒன்றாகிவிட்டது. வாள் அலகால் ஒவ்வொன்றாக அறுக்கிறேன். ஆறு வந்துவிட்டது, அதில் ஒன்று உடைந்தது.

மீதி நாலுக்கும் யாரிடமாவது நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள். வார்னிஷ் திரும்ப அடிக்க வேண்டிவரும், அந்தத் திருகை இந்த முறை மறக்க மாட்டேன்.