எக்ஸானுக்கு இட எண் மட்டும் போதுமா, அலைன்மென்டும் கூடவே இருக்க வேண்டுமா?

அரசலாறு (கும்பகோணம்)
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு நெல்லின் வாக்சி மரபணுவை எடுத்திருக்கிறேன். சோறு உதிரியாக நிற்குமா, குழைந்து ஒட்டுமா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது அதுதான். நம் பக்கத்து இண்டிகா ரகம் ஒன்றின் சிடிஎன்ஏ (ஆர்என்ஏவிலிருந்து நகலெடுத்த டிஎன்ஏ) வரிசையை, ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் நிப்பான்பாரே ரகத்தின் ஜீனோமுடன் அலைன் செய்தேன், அதாவது எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்த்தேன். கிடைத்த துண்டுகளை எக்ஸான்களாக (ஆர்என்ஏவில் வெட்டுப்படாமல் நிற்கும் பகுதிகள்) சேமிக்கப் பைத்தானில் ஒரு கிளாஸ் எழுதினேன். குரோமோசோம், தொடக்கம், முடிவு, இழை ஆகிய நான்கும்தான் அதில் இருக்கின்றன. கூடப் படிப்பவர், "அலைன்மென்டையே தொலைத்துவிட்டாய்" என்கிறார். அப்படியா?

வெண்ணாறு (மன்னார்குடி)
நீங்கள் செய்தது சரிதான் தம்பி. எக்ஸான் என்பது ஜீனோமில் ஓர் இடம், அவ்வளவுதான். எண் கணக்கில் மட்டும் கவனமாக இருங்கள். ஜிஎஃப்எஃப்3 என்ற கோப்பு வடிவம் ஒன்றிலிருந்து எண்ணும், இரண்டு முனையும் சேர்த்தி. பெட் வடிவம் பூஜ்யத்திலிருந்து எண்ணும், முடிவு எண் சேராது. முதல் 100 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) அங்கே 1–100, இங்கே 0–100. புரதத்துக்கான பகுதியில் ஓர் எல்லை ஒரு பேஸ் நகர்ந்தாலே மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும் ரீடிங் ஃபிரேம் உடைந்துவிடும். கிளாஸுக்குள் ஒரே முறையை வைத்துக்கொண்டு, கோப்பில் எழுதும்போது மட்டும் மாற்றுங்கள்.

குடமுருட்டி (பாபநாசம்)
இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தம்பி எடுத்திருக்கிற மரபணுவையே பாருங்கள். எக்ஸான்களுக்கு நடுவே வெட்டி நீக்கப்படும் இன்ட்ரான் பெரும்பாலும் ஜிடி (GT) என்ற எழுத்துகளில் தொடங்கி ஏஜி-யில் (AG) முடியும். வாக்சியின் முதல் இன்ட்ரானில், ஜப்பானிகா ரகமான நிப்பான்பாரேயில், அந்த ஜிடி இருக்க வேண்டிய இடத்தில் டிடி இருக்கிறது. அந்த ஒரு எழுத்து மாறியதால் அங்கே இன்ட்ரான் ஒழுங்காக வெட்டுப்படுவதில்லை. அமைலோஸ் என்ற மாவுச்சத்து குறைகிறது, சோறு ஒட்டுகிறது. 1990-களிலேயே தெரிந்த விஷயம் இது. ஜிடி-யைத் தேடிப் பிடிக்கும் நிரல் முதல் எக்ஸானின் முனையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடக்கூடும். வெறும் தொடக்கம், முடிவு என்று சேமித்தால், அந்த முனை உறுதியானதா, நிரலின் ஊகமா என்று ஆறு மாதம் கழித்து யாருக்குத் தெரியும்?

நிலம் வாங்கும்போது பட்டாவை மட்டும் பார்த்துவிட்டா பணம் கொடுக்கிறோம்? மூலப்பத்திரத்தையும் கேட்கிறோம் அல்லவா?

வெண்ணாறு
மூலப்பத்திரத்தை யாரும் கிழித்துப் போடச் சொல்லவில்லை. அலைன்மென்ட் முழுவதும் பாம் (BAM) கோப்பில் பத்திரமாக இருக்கிறது. அதையே எக்ஸானுக்குள்ளும் நகலெடுத்து வைத்தால், ஜீனோமின் புதிய பதிப்பு வரும் நாளில் ஒன்று மாறும், மற்றது மாறாது. அப்போது எதை நம்புவீர்கள்? இன்னொன்று, ஒரே எக்ஸானுக்கு நாற்பது சிடிஎன்ஏ ஆதாரமாக வந்தால் எந்த அலைன்மென்டை உள்ளே வைப்பீர்கள்? இதற்குப் பதில் சொல்லுங்கள்.

குடமுருட்டி
அந்த நாற்பது கேள்வி நியாயமானது, ஒத்துக்கொள்கிறேன். சரி, நகல் வேண்டாம். ஆனால் எந்தெந்த அலைன்மென்ட் துண்டிலிருந்து வந்தது என்ற பட்டியல் எக்ஸானில் இருந்தே ஆக வேண்டும். அந்தத் துண்டில் ஜீனோம் பக்கத்து எண்ணும் சிடிஎன்ஏ பக்கத்து எண்ணும் ஒற்றுமை சதவீதமும் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் சம்பா மூழ்கி அழுகுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இரண்டு வாரம் வரை தண்ணீருக்குள் தாங்க வைக்கும் சப்1ஏ மரபணுவைச் சேர்த்துத்தான் நம் பொன்மணியிலிருந்து சிஆர் 1009 சப்1 வந்தது. அந்த சப்1ஏ நிப்பான்பாரேயில் கிடையாது. 9-ஆம் குரோமோசோமில் அதன் உறவுகளான சப்1பி, சப்1சி மட்டும் இருக்கின்றன. சப்1ஏ சிடிஎன்ஏவை அங்கே அலைன் செய்தால் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இட எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது ஒழுங்கான எக்ஸானாகவே தெரியும். சிடிஎன்ஏவில் எந்தப் பகுதி, எவ்வளவு பொருந்தியது என்று பார்த்தால்தான் சந்தேகமே வரும்.

வெண்ணாறு
சப்1ஏ உதாரணம் வலுவானது அம்மா. அப்படியென்றால் இரண்டு கிளாஸ் வைப்போம். அலைன்மென்ட் துண்டு தனி, எக்ஸான் தனி. ஆனால் துண்டுக்கு எக்ஸான் என்று பெயர் வைப்பதை மட்டும் ஏற்க மாட்டேன். ஜிஎஃப்எஃப்3-லேயே அதற்குத் தனி வகையும், சிடிஎன்ஏ பக்கத்து எண்களை எழுத டார்கெட் என்ற இடமும் உண்டு.

அரசலாறு
அக்கா, சார், இன்று மதியம் இரண்டாகப் பிரித்து எழுதிவிட்டேன். என் பழைய கோடில் ஒரு தவறும் கண்ணில் பட்டது. அலைன்மென்ட் எப்படிப் பொருந்தியது என்பதைக் குறிகளால் சொல்லும் சிகார் வரிசையில் 3டி (3D) வந்த இடத்திலும் எக்ஸானை உடைத்திருக்கிறேன். அது மூன்று பேஸ் விடுபட்டதுதானே, இன்ட்ரான் இல்லையே?

குடமுருட்டி
இன்ட்ரான் இல்லை தம்பி, ஒரே எக்ஸானாகச் சேர்த்துவிடு. இன்ட்ரானுக்கான என் (N) என்ற குறி வந்தால் மட்டும் உடை.

வெண்ணாறு
என் (N) குறி வந்தாலும் நீளத்தையும் இரு முனை எழுத்துகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு உடையுங்கள். சில நிரல்கள் நீளமான விடுபடலையும் என் என்றே எழுதிவிடுகின்றன.