சந்திப்புக்குப் போகிற வீட்டில் என்ன பேசுவது, என்ன செய்வது?

புதிய_தொண்டு

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் சபையில் சந்திப்பு ஊழியத்துக்கு ஆறு பேரைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள், அதில் நானும் ஒருத்தி. ஏறக்குறைய 90 குடும்பங்கள். இந்த மாதத்துக்கு மூன்று வீடுகள் என் பொறுப்பு. ஒரு வீட்டில் கணவர் இறந்து 12 நாள் ஆகிறது, அந்த அக்காவும் இரண்டு பிள்ளைகளும்தான். இன்னொரு வீட்டில் பிளஸ் டூவில் இரண்டு பாடம் போய்விட்ட தம்பி. மூன்றாவது, ஆறு மாதமாகக் கோவில் பக்கம் வராத பெரியவர்.

ஒரு வசனம் வாசித்து ஜெபம் பண்ணிவிட்டு, காபி குடித்துவிட்டு வருவதுதான் இங்கே வழக்கம். “ஒருவரையொருவர் உற்சாகப்படுத்துங்கள்” என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், செயலில் அது என்ன? எவ்வளவு நேரம் இருக்கலாம்? எதைச் சொல்லக்கூடாது? தினமும் வாட்ஸ்அப்பில் வசனப் படம் அனுப்பினால் அதுவும் கணக்கில் சேருமா?

ஏட்டுச்சுவடி

சகோதரி, முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். பாதிச் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எபிரெயர் 10:25-ல் “ஒருவருக்கொருவர் புத்திசொல்லக்கடவோம்” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் வாசிக்கிறோம். 1 தெசலோனிக்கேயர் 5:11-ல் “ஒருவரையொருவர் தேற்றி” என்று வாசிக்கிறோம். கிரேக்கத்தில் இரண்டுமே ஒரே வினைச்சொல், பாரகலேயோ. பக்கத்தில் அழைப்பது என்பது அதன் அடிப்படைப் பொருள். யோவான் 14:16-ல் தேற்றரவாளன் என்று வருவதும் அதே வேர்தான். ஆனால் மூன்றே வசனம் தள்ளி, 1 தெசலோனிக்கேயர் 5:14-ல் “ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள்” என்று வருகிறதே, அது வேறு சொல், நூதெத்தேயோ. எச்சரிப்பது, கண்டித்துத் திருத்துவது. இரண்டுக்கும் தமிழில் ‘புத்திசொல்’ என்றே விழுந்துவிட்டது. அதைக் கேட்டு வளர்ந்த நாம் துக்கவீட்டுக்குப் போனாலும் புத்திசொல்ல உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்த 14-ஆம் வசனத்தையே உங்கள் வேலைக்கான அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்: “ஒழுங்கில்லாதவர்களுக்குப் புத்திசொல்லுங்கள், திடனற்றவர்களைத் தேற்றுங்கள், பலவீனரைத் தாங்குங்கள், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தமாயிருங்கள்.” ஆள் மாறினால் மருந்து மாறுகிறது. திடனற்றவனைக் கண்டித்தால் உடைந்துபோவான். பலவீனனுக்கு ஆறுதல் வார்த்தை மட்டும் சொன்னால் சுமை அவன் தலையிலேயே இருக்கும், தாங்கவேண்டும் என்றால் கைகொடுக்கவேண்டும். வீட்டுக்குள் கால் வைக்குமுன், இவர் இந்த மூவரில் யார் என்று ஜெபத்தோடு யோசித்துவிட்டுப் போங்கள். நீங்கள் சொன்ன மூன்று பேரில் ஒருவரையும் ‘ஒழுங்கில்லாதவர்’ என்று முன்கூட்டி எண்ணவேண்டாம். முக்கியமாக அந்தப் பெரியவரை.

பரிசுத்த ஆவியானவருக்கு நாம் சொல்லும் அதே பெயரை, பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபு தன்னைப் பார்க்க வந்த நண்பர்களுக்கும் வைக்கிறான்: “நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்” (யோபு 16:2). அவர்கள் ஆரம்பத்தில் செய்தது சரியான வேலை. ஏழு நாள் தரையில் அவனோடு உட்கார்ந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான்காம் அதிகாரத்தில் எலிப்பாஸ் காரணம் கண்டுபிடிக்க வாயைத் திறந்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது.

துக்கவீட்டுத்துணை

12 நாள் ஆன வீடு என்றால் அடக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்திருக்கும், வெளியூர்ச் சொந்தங்கள் கிளம்பியிருப்பார்கள். உங்கள் வேலை தொடங்குவது இப்போதுதான். நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு பேர் போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம். அந்த வீட்டுக்கு ஒரு பெண்ணாவது போகவேண்டும். முந்தின நாளே போன் பண்ணி நேரம் கேளுங்கள். அரை மணிக்கு மேல் உட்காரவேண்டாம், அவர்களே “இன்னும் கொஞ்சம் இருங்க” என்று கையைப் பிடித்தால் மட்டும் இருங்கள். காபி போட அவர்களை எழுப்பாதீர்கள். ஒரு ஃப்ளாஸ்க்கில் நீங்களே கொண்டுபோய், அவர்களுக்கும் ஊற்றிக் கொடுங்கள். எதிரே வரிசையாக உட்கார்ந்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் உட்காருங்கள்.

பேச்சை இறந்தவரின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். பெரும்பாலும் எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பார்கள், அழுவார்களோ என்ற பயம். அழட்டும். “அண்ணன் கோவில் அசன விருந்தன்னைக்கு எல்லாரும் சாப்பிட்டபிறகுதான் பந்தியில உட்காருவாங்க” என்கிற மாதிரி உண்மையாக நடந்த ஒன்றைச் சொன்னால், ‘என் புருஷனை இன்னும் ஒருத்தர் நினைத்துக்கொண்டிருக்கிறார்’ என்று அந்த மனசுக்குத் தெரியும். அதன்பிறகு அவர்கள் பேசுவார்கள், நீங்கள் கேளுங்கள். நடுவில் மௌனம் வந்தால் நிரப்பவேண்டாம்.

சொல்லக்கூடாதவை என்று கேட்டீர்கள். “கர்த்தருக்குப் பிரியமானவங்களைச் சீக்கிரம் எடுத்துக்குவார்” சொல்லாதீர்கள். அதைக் கேட்கும் பிள்ளைக்குக் கர்த்தர்மேல் பயம்தான் வரும். “உங்களுக்காவது ரெண்டு பிள்ளைங்க இருக்கு” என்ற ஒப்பீடும் வேண்டாம். “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்பது யோபு தன் வாயால் சொன்னது. பிள்ளைகளை இழந்தவன் சொல்லலாம், பார்க்க வந்தவன் அவனுக்காக அதைச் சொல்லக்கூடாது. “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்கிற ரோமர் 8:28-ம் அப்படியே. சத்தியம்தான், ஆனால் 12-ஆம் நாளில் அந்த அக்கா தானாக எடுத்தால் நீங்கள் “ஆமென்” சொல்லுங்கள், நீங்களாக நீட்டவேண்டாம். நீதிமொழிகள் 25:20 இதைத்தான் சொல்கிறது: மனதுக்கமுள்ளவனுக்குப் பாட்டுப் பாடுகிறவன், குளிர்காலத்தில் வஸ்திரத்தைக் களைகிறவனைப்போல இருப்பான்.

லாசரு இறந்த வீட்டுக்கு இயேசு போனதைச் சொல்லும் யோவான் 11-ஐ மெதுவாக வாசித்துவிட்டுப் போங்கள். மார்த்தாளும் மரியாளும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்.” மார்த்தாளோடு இயேசு பேசினார், உயிர்த்தெழுதலைப் பற்றி. மரியாள் அதையே சொன்னபோது உபதேசம் இல்லை, கண்ணீர் விட்டார். ஒரே வீடு, ஒரே துக்கம், இரண்டு சகோதரிகளுக்கு இரண்டு விதமான ஆறுதல்.

இனி கை வேலை. “ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். குறிப்பாகச் சொல்லுங்கள்: “புதன்கிழமை ராத்திரிச் சாப்பாடு நான் கொண்டுவர்றேன்.” ஆறு பேர் இருக்கிறீர்கள், வாரத்துக்கு மூன்று நாள் என்று பிரித்தால் ஆளுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், ஒரு மாதம் ஓட்டலாம். திருப்பிக் கொடுக்கத் தேவையில்லாத டப்பாவில் கொடுங்கள், பாத்திரம் கழுவி யாருடையது என்று தேடும் வேலையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

காகித வேலையும் உண்டு. மரணத்தை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும், வீட்டில் நடந்த மரணமாக இருந்தால் யாராவது செய்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்து விட்டுப்போவது உண்டு. 12-ஆம் நாளில் கேட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. இறப்புச் சான்றிதழில் ஐந்தாறு நகல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள், வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். பெயரின் எழுத்து ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள், பின்னால் திருத்த அலைச்சல் அதிகம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். விவரம் தெரிந்த ஒருவர் கூடப் போய் வரிசையில் நின்றால், அதுதான் “பலவீனரைத் தாங்குங்கள்.”

கடைசியாக, நாள்காட்டி. அவருடைய பிறந்தநாள், அவர்கள் திருமண நாள், முதல் கிறிஸ்மஸ், முதல் வருட நினைவு நாள். நான்கு தேதியையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 50 பேர் வருவார்கள், ஏழாம் மாதத் திருமண நாளில் ஒருவரும் வரமாட்டார்கள். அன்று ஐந்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டு வந்தாலும் போதும்.

கரும்பலகை

அந்தத் தம்பியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்பா அம்மா முன்னால் உட்காரவைத்து ஜெபிக்காதீர்கள், அது அவனுக்கு இரண்டாவது தேர்வு முடிவு மாதிரி. வெளியே நடந்துகொண்டே பேச ஒரு வாலிபத் தம்பியை அனுப்பினால் நல்லது. “போன வருஷம் இன்னார் மகன்கூட” என்ற கதை வேண்டவே வேண்டாம்.

முதல் கேள்வி, “சாப்பிட்டியா, தூங்குறியா?” சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், திரும்ப எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் பேசியது அதற்கப்புறம் ஓரேப் மலையில்தான் (1 இராஜாக்கள் 19).

அடுத்தது, தேதி. துணைத்தேர்வு அதே வருடத்தில் உண்டு, விண்ணப்பிக்கக் கிடைக்கும் நாட்கள் கொஞ்சம்தான். வெட்கத்தில் வீட்டுக்குள் கிடந்து அந்த நாளைத் தவறவிடுவதுதான் பெரிய நஷ்டம். ஓரிரு மதிப்பெண்ணில் போயிருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாம். பள்ளிக்குத் தனியாகப் போகக் கூசுவான், கூடப் போங்கள். இரண்டு பாடத்துக்கும் சொல்லித்தர சபையில் ஆசிரியர் இருந்தால், வாரம் நான்கு நாள், ஒரு மணி நேரம் என்று பேசி முடித்துவிட்டு அவனிடம் சொல்லுங்கள்.

மாற்கு, பவுலோடும் பர்னபாவோடும் ஊழியப் பயணம் போய்ப் பம்பிலியாவில் பாதியில் விட்டுப் போனவன். அடுத்த பயணத்துக்குப் பவுல் அவனை வேண்டாம் என்றார். பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பல் ஏறினார், மறுபடியும் ஊழியப் பயணத்தில் சேர்த்துக்கொண்டார். பின்னால் அதே பவுல், “ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்” என்று எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:11). தம்பிக்கும் கோவிலில் ஒரு வேலை கொடுங்கள், ஒலிபெருக்கியோ, ஞாயிறுபள்ளிச் சிறுவர்களோ. முதல் மதிப்பெண் வாங்கியவர்களை மேடைக்கு அழைக்கும் ஞாயிறன்று அவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்பதையும் குழுவில் ஒருவர் நினைத்துப் பாருங்கள்.

“வாழப் பிடிக்கல” என்ற தொனியில் எதையாவது சொன்னால் நேராகவே கேளுங்கள், “சாகணும்னு தோணுதா?” என்று. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அன்று அவனைத் தனியாக விடாதீர்கள், பெற்றோருக்குச் சொல்லுங்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 104 (தமிழக அரசின் மருத்துவ உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) இரண்டும் இலவசம், எந்த நேரமும் பேசலாம். ஜெபமும் வேண்டும், இதுவும் வேண்டும்.

மாலைமணி

பெரியவர் வீட்டில் “ஏன் கோவிலுக்கு வரலை?” என்று கேட்டால் கதவு அடைத்துவிடும். “உங்க இடம் காலியா இருக்கு, பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்” போதும். காரணம் மனஸ்தாபமாக இருக்கும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் முழங்கால் வலி, காது மந்தம், ஒரு மணி நேரம் சிறுநீர் அடக்க முடியாமை. இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். கோவிலில் படியோரம் ஒரு கைப்பிடி, வாசல் பக்கம் ஓர நாற்காலி, ஞாயிறு காலை ஒரு வண்டி என்று ஏற்பாடு செய்தால் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். மனஸ்தாபம்தான் என்றால் முழுக்கக் கேளுங்கள், யாருக்காகவும் வக்காலத்து வாங்காதீர்கள், அவர் சம்மதித்தால் மட்டும் போதகரிடம் கொண்டுபோங்கள். நடக்கவே முடியாதவர் என்றால் வீட்டில் நற்கருணை கொடுக்கப் போதகரிடம் நாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

வியாதியஸ்தர் இருக்கிற வீடு எதுவாக இருந்தாலும், “குணமாகிடும்னு கர்த்தர் சொல்லிட்டார்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். நடக்காவிட்டால் பழி அவருடைய விசுவாசத்தின்மேல் விழும். பவுலே தன் கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார்.

வாட்ஸ்அப் விஷயம். காலை ஐந்து மணிக்கு 200 பேருக்குப் போகும் பூப்படம் யாரையும் தனியாகத் தொடாது. பவுல் வாழ்த்துச் சொல்லுகிற விதத்தை ரோமர் 16-ல் பாருங்கள்: மரியாள் “எங்களுக்காக மிகவும் பிரயாசப்பட்ட” மரியாள், ரூபின் தாய் தனக்கும் தாய். ஆளுக்கு ஒரு குறிப்பு. நீங்களும் வாரத்துக்கு இரண்டு பேருக்கு மட்டும் எழுதுங்கள். அழைப்பு, பார்த்த ஒரு காரியம், அதனால் வந்த நன்மை, முடிந்தது: “அக்கா, ஞாயித்துக்கிழமை புதுசா வந்த குடும்பத்துக்குப் பாமாலைப் புத்தகத்துல பக்கம் எடுத்துக் கொடுத்தீங்க. அந்தப் பொண்ணு கடைசிவரைக்கும் கூடப் பாடினா. பதில் போடணும்னு இல்ல.” அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். சோர்ந்திருக்கிறவருக்குப் பதில் எழுதுவதே ஒரு கடன். ‘நீங்க ரொம்ப நல்லவங்க’ மாதிரிப் பொதுப் புகழ்ச்சி முகஸ்துதியாகவே கேட்கும்.

புதிய_தொண்டு

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. இன்னும் இரண்டு. அந்த அக்கா வீட்டில் எந்தப் பகுதி வாசிக்கலாம்? இந்த வீட்டு விஷயங்களைப் புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் சொல்லலாமா?

துக்கவீட்டுத்துணை

சங்கீதம் 13. ஆறே வசனம். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று தொடங்குவதால், அவர்கள் மனதில் இருப்பதை வேதமே சொல்லிவிடும். இல்லையென்றால் 121, அல்லது அவர்களுக்கே பிடித்த சங்கீதம் எது என்று கேட்டு அது. ஒன்று போதும், விளக்கம் வேண்டாம். “எதுக்காக ஜெபிக்கட்டும் அக்கா?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதையே, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜெபியுங்கள், இரண்டு நிமிடம். ஜெபத்துக்குள் புத்திமதியை நுழைக்காதீர்கள்.

ஜெபக்கூட்டத்துக்கு, அவர்களிடமே “இதைச் சொல்லலாமா?” என்று கேட்டு, சம்மதித்த அளவு மட்டும். பெயர் சொல்லாமல் “கடன் பாரத்தில் இருக்கிற ஒரு குடும்பம், சமீபத்தில் தகப்பனை இழந்தவர்கள்” என்று ஜெபித்தாலும் 90 குடும்பத்தில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். குழுவுக்கு ஒரு நோட்டு வைத்தால் தேதி, வீடு, செய்வதாகச் சொன்னது, அடுத்து போகவேண்டிய நாள், இந்த நான்கு மட்டும் எழுதுங்கள். வியாதியின் பெயர், கடன் தொகை, குடும்பச் சண்டை எதுவும் அதில் ஏறக்கூடாது. நோட்டைக் கோவில் அலமாரியில் வைக்காமல் ஒருவர் வீட்டில் பூட்டி வையுங்கள்.