விசேஷ நாளில் ரிப் ரோஸ்ட் (எலும்போடு ஓவனில் முழுதாக வாட்டும் மாட்டு விலாக்கறி) செய்தவர்கள், உங்களுக்கு என்ன ஆனது?

கல்லடுப்பு:

அப்பாவின் எழுபதாவது பிறந்தநாள். எட்டுப் பேருக்கு நான்கு எலும்பு உள்ள ஒரே பெரிய துண்டு. இரண்டு நாள் முன்பே உப்புத் தேய்த்து, ஃப்ரிட்ஜில் மூடாமல் வைத்து, மேல்பரப்பு காய்ந்து இறுகியிருந்தது. ஓவன் 120 டிகிரி. கம்பித் தெர்மாமீட்டரைச் சொருகியாயிற்று. இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கறிக்குள் 52 டிகிரி வந்ததும் தெர்மாமீட்டர் மணி அடித்தது. நான் போட்டிருந்த கணக்குக்கு ஒரு மணி நேரம் முன்னதாக. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மாறாக, சீக்கிரம் ஆகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். அரை மணி நேரம் ஆற வைத்து, கடைசியில் 260 டிகிரியில் எட்டு நிமிடம். மேலே நல்ல பழுப்பு நிறம் வந்து கொழுப்பு சடசடத்தது. மேஜைக்கே கொண்டுபோய் அப்பா முன்னால் வைத்து வெட்டினேன்.

முதல் துண்டு அருமை. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது துண்டு சாய்ந்தபோது நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சைக் கறி. இளஞ்சிவப்பு இல்லை, ஊதா. விரலை வைத்துப் பார்த்தேன், சூடே இல்லை. மேஜையில் பேச்சு நின்றுவிட்டது.

அப்பா தட்டை நீட்டி, "எனக்கு அந்த ஓரத் துண்டு போதும்ப்பா" என்றார். அவருக்கு ஓரத் துண்டு பிடிக்காது. நடுத் துண்டுதான் பிடிக்கும். அவருக்காகத்தான் அத்தனையும்.

மீதியைத் திரும்ப ஓவனில் வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்து மற்றவர்கள் நன்றாகவே சாப்பிட்டார்கள். அதற்குள் அப்பா கையைக் கழுவிவிட்டார். இரவு பாத்திரம் கழுவும்போது கம்பி போன துளையைத் தேடிப் பார்த்தேன். முனை நடுத் தசைக்குள் போகவே இல்லை. மேல் தசைக்கும் நடுத் தசைக்கும் இடையில் ஒரு கொழுப்புப் படலம் ஓடுமே, அதில் நின்றிருந்தது. இன்னொரு கைத் தெர்மாமீட்டர் டிராயரில் சும்மா கிடந்தது. ஒரே ஒரு முறை குத்திப் பார்த்திருந்தால் போதும். எட்டு மாதம் ஆகிறது, இன்னும் அந்த டிராயரைத் திறந்தால் அந்த மூன்றாவது துண்டுதான் ஞாபகம் வருகிறது.


பின்னிரவு:

எனக்கு நேர் எதிர். அக்காவின் 25ஆவது கல்யாண நாள். 175 டிகிரியில் வைத்தேன், அப்போது எனக்கு வேறு முறை தெரியாது. 54 வந்தது, அணைத்தேன். அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் போன் செய்தார்கள்: வழியில் மாட்டிக்கொண்டோம், ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று. சூடாக இருக்கட்டும் என்று ஃபாயிலைப் போர்த்தி, அணைத்த ஓவனுக்குள்ளேயே விட்டுக் கதவை மூடினேன்.

அவர்கள் வந்ததும் குத்திப் பார்த்தேன். 68.

ஃபாயிலைத் தூக்கியபோது தட்டில் ஒன்றரை கப் சாறு நின்றது. அந்த நொடிதான் என்னால் மறக்க முடியவில்லை. கறிக்குள் இருக்க வேண்டியது எல்லாம் கண்ணெதிரே தட்டில். வெட்டினால் ஓரம் முதல் நடுவரை ஒரே சாம்பல் நிறம். அக்கா "நல்லா இருக்குடி" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன்.


உப்புக்கல்:

புகை. கடைசி ஐந்து நிமிடம் அதிகச் சூட்டில் வைத்தபோது. தட்டில் தேங்கியிருந்த கொழுப்பு 260 டிகிரியில் கருகிப் புகைந்தது. கூடத்தில் அலாரம் அலற, தொட்டிலில் தூங்கிய குழந்தை அலற, அந்தக் குழந்தைக்குப் பெயர் வைக்கத்தான் அன்றைக்கு எல்லோரும் கூடியிருந்தோம். எல்லோரும் குளிரில் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கறி நன்றாக இருந்தது, யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. சூட்டை ஏற்றுவதற்கு முன் தட்டை மாற்றிவிடுங்கள். அல்லது அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள்.


தூரத்துமணி:

கல்லடுப்பு, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாக மணி அடித்தால் அதை எப்படி நம்பினீர்கள்? பின்னிரவு, உங்கள் கறியைக் கெடுத்தது விருந்தாளிகள் இல்லை, 175 டிகிரி. அந்தச் சூட்டில் வெளிப்புறம் தேக்கி வைத்திருக்கும் வெப்பம் வெளியே எடுத்த பிறகும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். நல்ல பெரிய துண்டில் ஆறு ஏழு டிகிரி தானாகவே ஏறும். நீங்கள் அதைச் சூடான ஓவனுக்குள்ளேயே வேறு விட்டீர்கள்.

என் கதை சின்னது. 260 டிகிரியில் கிலோவுக்குப் பதினோரு நிமிடம், அப்புறம் அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது என்று ஒரு முறை உண்டல்லவா, ஆறு வருடம் அதைத்தான் செய்தேன், ஒருமுறைகூடத் தவறவில்லை. வீடு மாறினோம். புது ஓவன் அணைத்த பிறகும் விசிறி ஓடும் வகை. மகள் படிப்பு முடித்து வந்த நாள். அணைத்தேன், விசிறி ஓடுகிறது, எனக்குக் கேட்கிறது, வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்று மூளைக்குத் தெரிகிறது. ஆனால் திறக்கக் கூடாது என்பது விதி. இரண்டு மணி நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். திறந்தபோது ஓவன் கைபொறுக்கும் சூட்டில் இருந்தது. கறி 41.

சரி, இதைப் படிக்கிற புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எடையைப் பார்த்து நேரம் கணக்குப் போடாதீர்கள். வெப்பம் பக்கவாட்டிலிருந்துதான் நடுவுக்குப் போகிறது, அதனால் தடிமன்தான் முக்கியம். மூன்று எலும்புத் துண்டையும் ஆறு எலும்புத் துண்டையும் ஒரே ஓவனில் வைத்தால் ஆறு எலும்பு இரண்டு மடங்கு நேரம் கேட்காது, கொஞ்சம்தான் கூடும். வாங்கும்போது எந்த முனை என்று கேளுங்கள். விலாவில் மொத்தம் பதின்மூன்று எலும்பு, ரோஸ்டுக்கு வருவது ஆறு முதல் பன்னிரண்டு வரை. பத்து முதல் பன்னிரண்டு வரை இடுப்புப் பக்கம், ஒரே பெரிய தசை, பார்க்க அழகு. ஆறு முதல் எட்டு வரை தோள் பக்கம், கொழுப்பு அதிகம், மேல் தசை பெரிது. அந்த மேல் தசைதான் முழு மாட்டிலும் ருசியான இடம் என்பது என் கருத்து. எலும்பை வெட்டிவிட்டு மறுபடி கட்டித் தரச் சொல்லுங்கள், மேஜையில் கயிற்றை அறுத்தால் எலும்பு தனியாக வந்துவிடும். எலும்புக்கு எலும்பு ஒரு கட்டுப் போட்டால் வேகும்போது வடிவம் மாறாது. உப்பு கிலோவுக்குப் பத்து கிராம். பூண்டு, இலைகள் எல்லாம் கடைசிச் சூட்டில் கருகிக் கசக்கும், அவற்றை வெண்ணெயில் தனியாகக் காய்ச்சி மேலே ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் வெளியே வைத்தால் நடுப்பகுதி அறையின் சூட்டுக்கு வந்துவிடும் என்பதையும் நம்பாதீர்கள், அத்தனை பெரிய துண்டில் நடுப்பகுதி சில டிகிரிதான் நகரும். கடைசியாக மேலே சிவக்க வைப்பதை மட்டும் விடவே கூடாது, அதுதான் சாற்றை உள்ளே அடைக்கிறது.


மழைத்தாள்:

தூரத்துமணி சொன்ன கடைசி வரி சரியில்லை. சிவக்க வைப்பது சாற்றை அடைக்காது. 19ஆம் நூற்றாண்டில் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் சொன்னது அது, அப்புறம் எத்தனையோ பேர் எடை போட்டுப் பார்த்துத் தவறு என்று காட்டிவிட்டார்கள். சிவந்த கறியும் சடசடவென்று சாறு வடிக்கும், அந்தச் சத்தமே அதுதான். சிவக்க வைப்பது வாசனைக்காக, மொறுமொறுப்புக்காக. அது ஒன்றே போதுமான காரணம். கல்லடுப்பிடம் அப்படிக் கேட்டதும் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தனை பேர் காத்திருக்கும்போது மணி அடித்தால் யாராக இருந்தாலும் நம்பத்தான் தோன்றும்.

என் கறியில் ஒரு குறையும் இல்லை. 55 டிகிரி, ஓரம் முதல் ஓரம்வரை ஒரே இளஞ்சிவப்பு. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். துண்டை அவர் தட்டில் வைத்தேன். சிவப்புச் சாறு மெதுவாகப் பரவி உருளைக்கிழங்கைத் தொட்டது. அவர் தட்டை இரண்டு விரலால் கொஞ்சம் தள்ளி வைத்து, "ரத்தம் இருக்கே" என்றார்.

நான் பேச ஆரம்பித்தேன். அது ரத்தம் இல்லை அத்தை, ரத்தம் வெட்டும்போதே வடிந்துவிடும், இது தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம், கூடவே தண்ணீர் என்று. எல்லாம் சரியான தகவல்தான். எல்லோர் முன்னாலும், குரலை உயர்த்தி, இரண்டு நிமிடம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கறியைத் தொடவில்லை. என் கணவர்தான் எழுந்து போய், வடிந்த சாற்றை வாணலியில் கொதிக்க வைத்து, அவர் துண்டை அதில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து வந்தார். சிவப்பு போய்விட்டது. அத்தை முழுவதும் சாப்பிட்டு இன்னொரு துண்டும் கேட்டார்.

ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் பாடம் நடத்தியது இன்னும் உறுத்துகிறது. இப்போது யார் வந்தாலும் அடுப்பில் அந்தச் சாறு கொதித்துக்கொண்டே இருக்கும். வேண்டுபவர்கள் தாங்களே துண்டை முக்கிக்கொள்வார்கள்.


தூரத்துமணி:

லீபிக் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், சிவக்க வைக்கும் காரணத்தை நான் தவறாகத்தான் எழுதியிருக்கிறேன். கல்லடுப்பு, மன்னிக்கவும். விசிறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தவன் உங்களிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது.


பின்னிரவு:

என் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. விருந்தாளிகள் தாமதமாக வந்தால் என்னதான் செய்வது?


மழைத்தாள்:

குறைந்த சூட்டில் செய்தால் அதுவே தீர்வு, பின்னிரவு. 120 டிகிரியில் வைத்து 51, 52-ல் எடுத்துவிட்டால், அப்புறம் ஏறுவது இரண்டு மூன்று டிகிரிதான். வெளியே ஃபாயில் போர்த்தி வைக்கலாம், ஒன்றரை மணி நேரம்வரை தாங்கும். ஓவனுக்குள் விட வேண்டாம். அவர்கள் செருப்பைக் கழற்றும்போது ஓவனை 260-க்கு ஏற்றுங்கள், எல்லோரும் உட்கார்ந்ததும் எட்டு நிமிடம் உள்ளே. ஏற்கெனவே ஆறிவிட்டதால் மறுபடி ஆற வைக்கத் தேவையில்லை, உடனே வெட்டலாம்.


கல்லடுப்பு:

எல்லோருக்கும் நன்றி. தூரத்துமணி, கோபம் எதுவும் இல்லை, அதே கேள்வியை நானும் எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழைத்தாளின் பதிவைப் படித்த பிறகு நேற்று அப்பாவிடம் கேட்டேன், அன்றைக்கு ஏன் ஓரத் துண்டு கேட்டீர்கள் என்று. கொஞ்ச நேரம் யோசித்தார். "உன் கை நடுங்கிச்சு. கத்தியை நீ கீழ வைப்பேன்னு பார்த்தேன்" என்றார்.

இந்த வருடம் மறுபடி செய்கிறேன். கம்பியைப் பக்கவாட்டிலிருந்து நடுத் தசைக்குள் சொருகி, கைத் தெர்மாமீட்டரால் மூன்று இடத்தில் குத்தி, இருப்பதிலேயே குறைந்த எண்ணைத்தான் கணக்கில் எடுப்பேன். இந்த முறை ஆறு பேர்தான். மூன்று எலும்பு போதுமா?


உப்புக்கல்:

போதும். ஒரு எலும்புக்கு இரண்டு பேர். நடுத் துண்டு முதலில் அப்பாவுக்கு.