புதுப்பிப்பு: அம்மாவின் முரசு வருத்தமும் சீனி அளவும்

புதுக்குடியிருப்பில் இருக்கும் அம்மாவுக்குப் பல் விளக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருகிறது, சீனியும் எல்லைக்கோட்டில் நிற்கிறது, முரசுக்கு வைத்தியம் செய்தால் சீனி குறையுமா என்று முன்பு கேட்டிருந்தேன். அக்கறையோடு பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

கிளிநொச்சியில் பல் டொக்டரிடம் காட்டினோம். விறைக்க ஊசி போட்டு, முரசுக்குக் கீழே வேரில் படிந்திருந்த பற்காறையைச் சுரண்டி எடுத்தார். இப்போது இரத்தம் வருவதில்லை, வாய் நாற்றமும் போய்விட்டது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைச் சதவீதத்தில் காட்டும் எச்பிஏ1சி இரத்தச் சோதனை 6.2இல் இருந்து 5.9க்கு வந்திருக்கிறது. 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை, ஆகவே இன்னும் அதற்குள்தான் நிற்கிறார். அம்மா தேத்தண்ணிக்குச் சீனி போடுவதையும் இதே காலத்தில் விட்டுவிட்டார். அதனால் முழுப் பெருமையையும் பல் வைத்தியத்துக்குக் கொடுக்க மாட்டேன்.

முரசில் நீண்டகாலம் அழற்சி இருந்தால், அதில் உருவாகும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கும். சீனி கூடினால் முரசு நோயும் கூடும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கொக்ரேன் மீளாய்வில், முரசு வைத்தியம் பெற்ற நீரிழிவு நோயாளருக்கு 3–4 மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைந்திருந்தது. ஆனால் அது நீரிழிவு வந்தவர்களின் கணக்கு. முந்திய நிலையில் இருப்பவர்களுக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

அப்புறம், வெற்றிலையோடு புகையிலை போடும் அம்மம்மாமார் எங்கள் பக்கம் நிறையப் பேர். புகையிலை அடக்கும் இடத்தில் முரசு இறங்கி வேர் வெளியே தெரியும். அவர்களையும் தயவுசெய்து பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். முரசு வைத்தியம் செய்தாலும், சீனிக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை நிறுத்தக் கூடாது.

அம்மாவின் அடுத்த சோதனை முடிவு வந்ததும் எழுதுகிறேன்.