நவஹோ நிலத்தில் ஆளில்லாத ஹோகன் கண்ணில் பட்டால்

நவஹோ நிலம் என்பது அமெரிக்காவின் தென்மேற்கில் உள்ள நவஹோ பூர்வகுடிகளின் பகுதி. அங்கே, அரிசோனா மாநிலத்துக் கேயென்டாவிலிருந்து மான்யுமென்ட் வேலிக்குப் போகும் 163-ஆம் நெடுஞ்சாலையிலும், சின்லி வழியாக ஓடும் 191-லும் இது அடிக்கடி கண்ணில் படும். சாலையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி ஒரு செம்மண் மேடு. உற்றுப் பார்த்தால் மேட்டின் உச்சியில் வெளுத்த கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும். அதுதான் ஹோகன், டினே மக்கள் (நவஹோக்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர்) காலங்காலமாகக் கட்டி வாழ்ந்த வீடு.

கிட்டே போகாமலே நிறையத் தெரிந்துகொள்ளலாம். ஒரு பைனாகுலர் போதும். முதலில் வாசலைத் தேடுங்கள். அது கிழக்கு பார்த்துத்தான் இருக்கும், விடியல் வெளிச்சம் உள்ளே விழ வேண்டும் என்பதற்காக. அடுத்தது வடிவம். கூம்பாக இருந்தால் பழைய பாணி, ஆண் ஹோகன் என்பார்கள். வடக்கு, தெற்கு, மேற்கிலிருந்து மூன்று கவைக்கம்புகளைச் சாய்த்து உச்சியில் கவையோடு கவை மாட்டி, கிழக்கில் இரண்டு நேர்க்கம்புகளை வாசலுக்கு நிறுத்தியிருப்பார்கள். இந்த ஐந்தும்தான் எலும்புக்கூடு. மற்றக் கட்டைகள் இவற்றின் மேல் சாய்பவை. ஆறு அல்லது எட்டுப் பக்கமாகக் கட்டைகளை அடுக்கிய சுவர் என்றால் அது பெண் ஹோகன். குடும்பங்கள் வாழ்ந்தது பெரும்பாலும் இதில்தான். 1880-களில் ரயில் பாதை வந்த பிறகு, கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டைகளாலும் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சதுரமாக அறுத்த, கருத்த கட்டைகள் தெரிந்தால் அதுதான்.

இடுப்பு உயரமே உள்ள குட்டிக் கூம்பு தெரிந்தால் சிதைந்த ஹோகன் என்று நினைத்துவிடாதீர்கள். அது வியர்வைக் குடில், சுட்ட கற்களை உள்ளே வைத்து அந்தச் சூட்டில் உட்கார்ந்து வியர்ப்பதற்கானது. புகைத் துளை இருக்காது. பக்கத்திலேயே சூட்டில் வெடித்த கற்கள் குவிந்து கிடக்கும். இன்றும் புழக்கத்தில் இருக்கக்கூடிய இடம் அது.

* * *

ஏன் விட்டுப் போனார்கள் என்பதைச் சுவரே பல நேரம் சொல்லிவிடும். வடக்குச் சுவரைப் பாருங்கள். கூரை நன்றாக நிற்கும்போதே அங்கே மட்டும் கட்டைகளைப் பிடுங்கி ஓர் ஆள் போகும் அளவுக்கு வழி திறந்திருந்தால், அந்த வீட்டுக்குள் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். உடலை வாசல் வழியாக எடுக்காமல் வடக்கே வழி உடைத்து எடுப்பது பழைய வழக்கம். அதோடு அந்த வீட்டில் குடியிருப்பு முடிந்தது. இறந்தவரிடமிருந்து பின்தங்கும் தீய கூறு அங்கே தங்கும் என்பது நம்பிக்கை, அதற்குச் சிண்டி என்று பெயர். அந்த வீட்டுக் கட்டையை யாரும் அடுப்புக்குக்கூட எடுக்கமாட்டார்கள். இதற்காகவே உயிர் பிரியும் நிலையில் இருப்பவரை முன்கூட்டியே வெளியே ஒரு நிழல் பந்தலுக்குக் கொண்டுபோவதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் நின்று செல்ஃபி எடுப்பது, துக்க வீட்டுக்குள் செருப்போடு ஏறுவதற்குச் சமம்.

ஆனால் பாழடைந்த ஹோகனெல்லாம் சாவு வீடு என்று எழுதுகிறார்களே, அது தவறு. கேமரன், டூபா சிட்டியைச் சுற்றி வேறு காரணம் இருக்கிறது. நவஹோக்களுக்கும் அண்டைப் பூர்வகுடிகளான ஹோப்பி மக்களுக்கும் இடையே நில வழக்கு நடந்ததால், 1966-ல் பென்னட் தடை என்ற அமெரிக்க அரசு உத்தரவு வந்தது. ஏறக்குறைய 15 லட்சம் ஏக்கரில் புது வீடு கட்டவும் கூடாது, இருப்பதைச் செப்பனிடவும் கூடாது. ஒழுகும் கூரையை மாற்றக்கூட வழியில்லாமல் ஒரு தலைமுறையே அங்கே காலம் தள்ளியது. தடை நீங்கியது 2009-ல்தான். இது போதாதென்று, அதை அடுத்த பகுதியில் 1974-ஆம் ஆண்டின் நிலப் பிரிப்புச் சட்டத்தால் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நவஹோக்கள் இடம் பெயர்க்கப்பட்டார்கள். அந்தப் பக்கத்து இடிந்த சுவர்களைப் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்று: கதவு சாத்தி, ஆள் அரவம் இல்லாமல் இருப்பது பருவத்துக்கு மட்டும் வரும் ஆட்டுக் கிடையாகவோ, சடங்குக்கு மட்டும் திறக்கும் ஹோகனாகவோ இருக்கலாம். பட்டியில் புதுச் சாணம், புது டயர் தடம், வெட்டிய விறகு, இதில் ஒன்று தெரிந்தாலும் அது ஒருவருடைய வீடு.

* * *

உள்ளே தலை நீட்டாதீர்கள் என்று சொல்வது மரியாதைக்காக மட்டுமல்ல. பெண் ஹோகனின் கூரையில் நடுத்தூண் கிடையாது. ஒரு வரிசைக் கட்டையின் மூலையில் அடுத்த வரிசையைக் குறுக்கே வைத்து, வளையத்தைச் சுருக்கிக்கொண்டே போய்ப் புகைத் துளையில் முடிப்பார்கள். மேலே ஜூனிப்பர் பட்டை, அதன் மேல் மண். ஐந்து மீட்டர் விட்டமுள்ள கூரையில் 15 செ.மீ. மண் என்றால் அதுவே ஐந்து டன்னை ஒட்டி வரும். பட்டை மக்கியதும் மழை நீர் உள்ளே இறங்கும். முதலில் உளுப்பது கட்டையின் நடுப்பகுதி அல்ல, சுவரில் உட்கார்ந்திருக்கும் முனை. வெளியிலிருந்து பார்க்கக் கட்டை முழுசாகத்தான் தெரியும். ஒரு முனை நழுவினால் அதன் மேல் உட்கார்ந்த அத்தனை வரிசையும் உள்நோக்கிச் சரியும். ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழை மாதங்களில் ஈரம் ஏறிய மண் இன்னும் கனக்கும்.

அடுத்தது எலி. 1993-ல் நான்கு மாநிலங்கள் கூடும் இந்தப் பகுதியில்தான் ஹன்டா வைரஸ் நுரையீரல் நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது. மான் எலியின் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியாகி மூச்சில் ஏறினால் தொற்றும். மூடிக் கிடந்த அறை அதற்குத் தோதான இடம். தெரியாமல் நுழைந்துவிட்டால் தரையைக் கிளறாமல் உடனே வெளியே வாருங்கள். எட்டு வாரம் வரை காய்ச்சல், தொடை முதுகு வலி, மூச்சுத் திணறல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், எலி இருந்த இடத்துக்குப் போனதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஃப்ளூ என்று நினைக்க இடமுண்டு.

கல் சுவராக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. 1944 முதல் 1986 வரை இந்த நிலத்தில் ஏறத்தாழ 3 கோடி டன் யுரேனியத் தாது வெட்டியிருக்கிறார்கள். கைவிட்ட சுரங்கங்கள் ஐந்நூறுக்கு மேல். சுரங்கக் கழிவுக் கல்லையே எடுத்துக் கட்டிய வீடுகளும் உண்டு. கல்லைப் பார்த்துக் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

* * *

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பொதுச் சாலையை விட்டு வண்டியை இறக்குவது அத்துமீறல். நவஹோ பூங்காத் துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே நடக்கவோ முகாமிடவோ கூடாது. தரையில் கிடக்கும் பானை ஓடு, பழைய ஆணி, நிறம் மாறிய கண்ணாடித் துண்டு எதையும் எடுக்காதீர்கள். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளை எடுத்தால் 1979-ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டப்படி முதல் தடவைக்கே பத்தாயிரம் டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. பொருளின் மதிப்பும் சீரமைப்புச் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் இரண்டுமே இரட்டிப்பாகும். கட்டையின் ஒரு சிம்பைக்கூட விட்டுவையுங்கள். அதன் வளையங்களின் அகல வரிசையை, ஆண்டு தெரிந்த மரங்களின் வளையங்களோடு ஒப்பிட்டுத்தான் மரம் வெட்டிய ஆண்டைக் கணிக்கிறார்கள். வெளி வளையம் உரிந்துவிட்டால் அந்த ஆண்டு போயிற்று.